மருந்துக்கூர்க்கன் வேர்முடிச்சு: வேமா, பர்புரியோசிலியமா, டிரைக்கோடெர்மாவா?

மருந்துக்கூர்க்கன் என்ற மூலிகைப் பயிரில் நமக்குக் காசு தருவது வேர்க்கிழங்கு, கண்ணுக்குத் தெரியாத மண்புழுதி அளவு சிறிய நூற்புழு குடியேறுவதும் அதே வேரில்தான். சேலம், ஆத்தூர் பக்கம் இதைப் பயிரிட்டவர்களுக்கு அடையாளம் தெரியும்: உச்சிவெயிலில் செடி துவண்டு சாயங்காலம் நிமிரும், பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. மெலாய்டோகைனி இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அது துளைத்த இடத்தின் வழியாகப் பியூசேரியம் என்ற அழுகல் பூஞ்சை உள்ளே போனால் கிழங்கு அழுக ஆரம்பித்துவிடும்.

கடையில் கேட்டால் மூன்று பூஞ்சைப் பாக்கெட்டுகள் வரும், மூன்றுமே நூற்புழுவுக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

வேம் (VAM) என்பது வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சை, வேப்பமரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது புழுவைக் கொல்லாது. வேருக்குள் முன்கூட்டியே இடம்பிடித்து, மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்துக் கொடுத்து, புழு வந்தாலும் செடி தாங்கும்படி செய்கிறது. அதனால் புழுவுக்கு முன்னால் அது வேருக்குப் போய்ச் சேர வேண்டும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மருந்துக்கூர்க்கனை நுனித்தண்டில்தானே வளர்க்கிறோம், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்டு வேர்விட ஒரு மாதம் நாற்றங்காலில் இருக்கிறது, அந்த ஒரு மாதம்தான் வேமுக்கான நேரம். நட்டு இரண்டு மாதம் கழித்து வயலில் தூவினால் காசுதான் வீண். இன்னொன்று, வேம் உயிருள்ள வேரில்தான் பெருகும், அதனால் சோளம், மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து வேர்த்துண்டும் மண்ணும் கலந்தே பெரும்பாலும் விற்கிறார்கள், பாக்கெட்டைப் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது. சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட மண்ணில் அது சரியாகக் குடியேறுவதும் இல்லை.

பர்புரியோசிலியம் லிலாசினம் (பழைய பெயர் பேசிலோமைசிஸ்) நேராகப் புழுவின் முட்டைக்குப் போகும். 1979இல் பெருவில் உருளைக்கிழங்கு வேரிலிருந்த இதே புழுவின் முட்டைகளில்தான் இதன் வேலையைக் கவனித்தார்கள். ஒரு பெண் புழு பசைபோன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும், அந்தப் பை வேருக்கு வெளியே இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். முடிச்சு பெருத்துப் பை உள்ளேயே புதைந்துவிட்டால் பூஞ்சைக்கு எட்டாது. அதனால் செடி வாடிய பிறகு ஊற்றிப் பயனில்லை, நடவுக்கு முன்பே தொழு உரத்தில் கலந்து மண்ணில் சேர்க்க வேண்டும். பொக்கோனியா என்ற இன்னொரு பூஞ்சையும் இப்படி முட்டையைத் தாக்குவதுதான், அதற்கும் இதே குறை. தூளைக் கலக்கும்போது கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள், பர்புரியோசிலியம் கண்ணில் தொற்று உண்டாக்கியிருக்கிறது.

டிரைக்கோடெர்மா விரிடி சுலபமாகக் கிடைக்கும், தொழு உரத்தில் பெருக்கிக்கொள்ளலாம். வேர் அழுகலுக்கு நான் இதைத்தான் சொல்வேன், புழுவுக்கு மட்டும் என்றால் இதை நம்பி இருக்க மாட்டேன். இதைப் போட்டுவிட்டு அழுகலுக்குக் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஊற்றுவது, நட்ட செடியை நாமே பிடுங்குகிற மாதிரி.

நூற்புழுவுக்கு மண்ணில் போடும் குருணை ரசாயன மருந்து வேகமாகக் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் நாம் விற்பது மருந்துக்குப் போகிற வேர், விஷத்தை அதே வேரடியில் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் வேப்பம் புண்ணாக்கு போடலாம், ஊடே செண்டுமல்லி வைக்கலாம்.

சரி, கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால்? புது நிலமாக இருந்தால் நாற்றங்காலில் வேம், யோசிக்கவே வேண்டாம். போன பட்டம் கத்தரி, தக்காளி, வெண்டை வைத்து முடிச்சு பார்த்த நிலம் என்றால் பர்புரியோசிலியம். அதைவிட நல்லது ஒரு பட்டம் நிலக்கடலை போட்டுவிட்டு வருவது, இந்தப் புழு நிலக்கடலையில் பெருகாது.

எதை வாங்கினாலும் நாற்றங்கால் மண் சுத்தமாக இருக்க வேண்டும். நுனித்தண்டில் புழு வராது, அது வேர்விடும் மண்ணில்தான் ஏறுகிறது. நடுவதற்கு முன் பத்து நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், ஒரு முடிச்சு தெரிந்தாலும் அந்த நாற்றுகளை வயலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.