‘2 டன் தாங்கும்’ ரோட்டிசரி: பணம் கட்டுமுன் எடை போட்டுப் பாருங்கள்

டட்சன் 120ஒய், முதல் தலைமுறை புரோட்டான் சாகா மாதிரி பழைய கார்களை வீட்டு போர்ச்சில் வைத்தே புதுப்பிக்க ரோட்டிசரி (காரின் வெறும் கூட்டை முன்னும் பின்னும் இரண்டு ஸ்டாண்டில் மாட்டி உருட்டித் திருப்பும் சட்டம்) தேடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. கோலாலம்பூர் வட்டாரத்து இரும்புப் பட்டறை ஒன்று 3 அங்குலச் சதுரக் குழாய், 4.5 மி.மீ. தடிமன், 2 டன் தாங்கும் என்று விளம்பரம் போட்டிருந்தது. முழுப் பணமும் கட்டியபின் லாரியில் வந்து இறங்கியது 1.6 மி.மீ. குழாய். வீட்டு கேட் செய்யத்தான் லாயக்கு.

பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. குழாயின் வாய் ஒவ்வொன்றையும் தகடு வைத்து அடைத்து, மேலே தடியாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தடிமன் அளக்கும் வெர்னியரை நுழைக்க வழியில்லை. எடைதான் காட்டிக்கொடுத்தது. 75 மி.மீ. சதுரக் குழாய் 4.5 மி.மீ. தடிமனில் மீட்டருக்கு ஏறக்குறைய 9.5 கிலோ வரும். 3 மி.மீ. என்றால் 6.6 கிலோ. 1.6 என்றால் 3.7 கிலோகூட வராது. ஒரு ஸ்டாண்டில் 5 மீட்டர் குழாய் இருந்தால் குழாய் மட்டுமே 47 கிலோ இருக்க வேண்டும். வந்த ஸ்டாண்டை ஒரே ஆள் தூக்கித் திருப்பி வைத்துவிட்டார். அடிக்காலில் ஒரு துளை போட்டு அளந்ததும் மிச்சச் சந்தேகமும் தீர்ந்தது.

போன் போட்டுக் கேட்டதற்கு, “அண்ணே, வெறும் ஷெல்தானே ஏத்தப்போறீங்க, 1.6 போதும்ணே” என்று பதில். பாதி உண்மை. என்ஜின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றிய சின்னக் காரின் கூடு 200, 300 கிலோவுக்குள் அடங்கிவிடும். அசையாமல் நின்றால் இந்தக் குழாயும் தாங்கும். ஆனால் ரோட்டிசரி வாங்குவதே சுற்றுவதற்குத்தான். சுற்றும்போது செங்குத்துக் கால் முறுக்கப்படும், மெல்லிய சுவரில் போல்ட் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும், அச்சுக் குழாயைச் சுற்றிய வெல்டு ஓரத்தில் தகடு கிழியத் தொடங்கும். 2 டன் என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை.

குழாயைவிட மோசம் பூட்டு. அச்சைச் சுற்றிய வெளிக்குழாயின் மேல் ஒரு நட்டை வெல்டு செய்து, 12 மி.மீ. போல்ட்டை அதில் முறுக்கி அழுத்தச் சொல்லியிருந்தார்கள். கணக்குப் பாருங்கள்: 300 கிலோ கூட்டின் எடைமையம் அச்சிலிருந்து 10 செ.மீ. விலகியிருந்தால், 50 மி.மீ. அச்சின் மேற்பரப்பில் உராய்வு மட்டுமே 1,200 கிலோ விசையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு போல்ட் நுனியால் ஆகிற காரியமா? அடியில் படுத்து வெல்டு செய்கிறவர் தலைமேல் கூடு புரண்டுவிடும். அதே சுமையை 15 செ.மீ. ஆரத்தில் துளைகள் போட்ட வட்டத் தகடும் துளையில் செருகும் 16 மி.மீ. இரும்பு முளையும் (‘பின்’) பிடித்தால், அந்த முளைக்கு வருவது 200 கிலோதான். இந்த ‘பின்’ பூட்டு இல்லாத ரோட்டிசரியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அச்சு, குழாய்க்குள் குழாய். நடுவில் 3 மி.மீ. இடைவெளி, கிரீஸ் நிப்பிள் கிடையாது. சுற்றும்போது தடக்தடக்கென்று குதிக்கும். யு.சி.பி. 210 மாதிரி பில்லோ பிளாக் பேரிங் (போல்ட் போட்டுப் பொருத்தும் கூட்டோடு வரும் பேரிங்) இரண்டு போட்டால் ஒரு கையால் சுற்றலாம். போல்ட்களின் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். இதில் தலை மொட்டையாக இருந்தது.

கூட்டை ஸ்டாண்டோடு பிணைக்கும் பிராக்கெட்டை மேலே கீழே நகர்த்த குறைந்தது 20 செ.மீ.யாவது வேண்டும். அங்கே தகட்டை நிரந்தரமாக வெல்டு செய்துவிட்டார்கள், எடைமையத்தை அச்சோடு சேர்க்க வழியே இல்லை. பிராக்கெட் நகரும் ரோட்டிசரியில் சரிபார்ப்பது சுலபம்: இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பூட்டைத் தளர்த்தி மெதுவாகச் சாய்க்க வேண்டும். கூரை தானாகக் கீழே போகப் பார்த்தால் கூடு அச்சுக்கு மேலே இருக்கிறது, ஒரு துளை இறக்குங்கள். அடித்தளம் விடாப்பிடியாகக் கீழே திரும்பினால் ஒரு துளை ஏற்றுங்கள். பிராக்கெட்டைப் பம்பர் தகட்டில் மாட்டாதீர்கள், காரின் எடையைத் தாங்கும் சேஸிஸ் ரெயிலிலேயே மாட்ட வேண்டும். அங்கே துரு இருந்தால் முதலில் அதை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள். சில் (கதவுக்கு அடியில் ஓடும் பகுதி) துருப்பிடித்த கூட்டுக்குக் கதவு வாயில் 1 அங்குலக் குழாயைக் குறுக்கே வெல்டு செய்த பிறகே ஏற்றுங்கள். இல்லையென்றால் நடுவில் தொங்கி, கதவு இடைவெளி பிறகு எந்தக் காலத்திலும் சேராது.

இரண்டு ஸ்டாண்டையும் இணைக்கும் கீழ்க் குழாய்க்குத் தனிக் காசு கேட்டார்கள். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு போர்ச் தரை வடிகால் பக்கம் சாய்ந்திருக்கும்; அந்தக் குழாயும் பிரேக் வைத்த சக்கரமும் இல்லாமல் ஸ்டாண்டுகள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து கூட்டையே முறுக்கிவிடும். 4 மீட்டர் காருக்கு மொத்தம் 5.5 மீட்டர் நீளம் வேண்டும். அச்சு தரையிலிருந்து 1.1 மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சுற்றும்போது கூரை ஓரம் சிமெண்டில் உரசும்.

பட்டறை திரும்ப எடுக்க மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்: கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை, 3 ஆண்டுக்குள். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே எடுபடுவது காகிதம். ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதிய ரசீதை நம்பிப் போகாதீர்கள். குழாயின் அளவு, தடிமன், ஒரு ஸ்டாண்டின் எடை, பூட்டு வகை நான்கையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்; மிச்சப் பணத்தைத் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.