எலும்பைப் புதைப்பதா, எக்டோஃபன்டஸுக்குப் படைப்பதா?

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்னும் இணைய விளையாட்டின் லம்பிரிட்ஜ் ஊரில் வீழ்த்தப்படும் ஒவ்வொரு மனிதனும் எலும்பை விட்டுச் செல்கிறான். பிரார்த்தனைத் திறனை வளர்க்க அதைப் புதைப்பதா, எக்டோஃபன்டஸ் என்னும் வழிபாட்டுப் பீடத்துக்குப் படைப்பதா என்று புதியவர்கள் தயங்குகிறார்கள்.

பலன்: புதைத்தால் 4.5 அனுபவப் புள்ளி, படைத்தால் நான்கு மடங்காக 18.

செலவு: புதைக்க எதுவும் வேண்டாம், படைக்கக் கட்டண உறுப்பினராக இருக்க வேண்டும்.

உழைப்பு: புதைக்க ஒரு சொடுக்கு போதும், படைப்பதற்கோ, எலும்பை அரைத்து, மாவைச் சட்டியில் பிடித்து, அடித்தளக் குழிக்கு இறங்கி வாளியில் பச்சைச் சளியை மொண்டு வர வேண்டும்.

சாதாரண மனித எலும்புக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. வீழ்ந்தவனை அவ்விடத்திலேயே மண்ணில் இடுவது எனக்கு மனநிறைவையும் தருகிறது. புதைத்தால் 72, படைத்தால் 288 புள்ளி தரும் டிராகன் எலும்பை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே எக்டோஃபன்டஸ் பொருந்தும்.