ஹார்பினா, ஹொக்கைடோவா, ட்ரோம்சோவா? பனி பார்க்கக் கிளம்பும் கேஎல் குடும்பங்களுக்கு

தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: "இந்த வருஷமாவது பிள்ளைங்களுக்குப் பனி காட்டணும்." எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர். அண்ணன் சீனாவின் ஹார்பின் என்பார், அண்ணி ஜப்பானின் ஹொக்கைடோ என்பார், மகள் இன்ஸ்டாகிராமில் பார்த்த நார்வேயின் ட்ரோம்சோவைச் சொல்வாள். பிறகு டிக்கெட் விலையை வைத்து முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்கு வேண்டியது கடுங்குளிரா, கொட்டும் பனியா, உறைந்த கடலா? வருஷம் முழுக்க வியர்க்கும் நமக்கு மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்ற நினைப்பு. பெரும்பாலும் அப்படி அமைவதில்லை.

கெந்திங் ஸ்னோ வேர்ல்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூரைக்குள் இருக்கும் பனி சின்னப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

குளிர்தான் வேண்டும் என்றால் ஹார்பினை அடிக்க முடியாது. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை, 1978-இல் கேமரன் மலையில் 7.8 டிகிரி. ஹார்பினில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 18 வாக்கில். இரவில் மைனஸ் 25-க்கும் கீழே போகும். வெளியே எடுத்த கைப்பேசியின் பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும். ஆனால் அந்தக் குளிருக்கு ஏற்ற பனிப்பொழிவை எதிர்பார்க்காதீர்கள். சைபீரியாவிலிருந்து இறங்கும் காற்று வறண்டது. பனி கொட்ட அதில் ஈரம் வேண்டுமே! ஹார்பின் பனிவிழாவில் விளக்கு போட்டு மின்னும் கோட்டைகளெல்லாம் சொங்ஹுவா ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகளால் கட்டியவை. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது மனிதர் கட்டிய காட்சி.

அதே சைபீரியக் காற்றுதான் ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து ஹொக்கைடோவில் கொட்டுகிறது. கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வாழும் சப்போரோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் 5 மீட்டரை நெருங்கும். குளிரோ ஜனவரியில் சராசரி மைனஸ் 3 அளவுதான், அம்மாவையும் பாட்டியையும் கூட்டிப்போகலாம். பிப்ரவரியில் நடக்கும் பனி விழா, 1950-இல் உள்ளூர் மாணவர்கள் ஓடோரி பூங்காவில் செய்துவைத்த ஆறு பனிச்சிலைகளிலிருந்து வளர்ந்தது.

என் ஓட்டு ஹொக்கைடோவுக்கே. காரணம் சப்போரோ அல்ல, அதற்குக் கிழக்கே ஒகோட்ஸ்க் கடலோரத்தில் இருக்கும் அபாஷிரி. வட அட்சரேகை 44 டிகிரி, ஏறக்குறைய இத்தாலியின் ஃபுளோரன்ஸ் இருக்கும் அதே அட்சரேகை. அங்கே கரைவரை மிதக்கும் கடல் பனிக்கட்டி வந்து நிற்கிறது! கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். அதைவிடப் பெரிய தடை, குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே இறங்க, அடிநீர் மேலே வந்துகொண்டே இருப்பது. ஒகோட்ஸ்க் கடலில் அமுர் ஆற்றின் நன்னீர் கலப்பதால் மேலே சுமார் 50 மீட்டருக்கு உப்புக் குறைந்த நீர் நிற்கிறது. அது எவ்வளவு குளிர்ந்தாலும் அடியிலுள்ள உப்புநீரைவிட லேசு, அதனால் இறங்காது. அந்த மேலடுக்கு மட்டும் குளிர்ந்தாலே உறைந்துவிடும். உறைந்ததைக் காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளிக்கொண்டு வருகின்றன.

அபாஷிரியில் 'அரோரா' என்ற பனியுடைப்புக் கப்பல், கட்டிமேல் ஏறித் தன் எடையாலேயே அதை நொறுக்கிக்கொண்டு போகும். சற்றுத் தள்ளி ஷிரெடோகோவில் நீர்புகா உடை மாட்டிக்கொண்டு வழிகாட்டியோடு பனிக்கட்டி மேலேயே நடக்கலாம். ஒரே சிக்கல் காற்று. அது திசை மாறினால் கட்டிகள் ஒரே இரவில் கடலுக்குள் விலகிவிடும். அதனால் குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். முன்பைவிட இப்போது பனிக்கட்டியும் குறைந்துவருகிறது.

ட்ரோம்சோவுக்கு வருவோம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, 69 டிகிரியில் இருக்கிறது, கடல் உறைந்துதான் கிடக்கும் என்று நினைப்போம். உறையாது. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் நார்வேக் கரையை ஒட்டி ஓடுவதால் துறைமுகம் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழாது. துருவ ஒளிக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். உறைந்த கடலுக்காகப் போனால் ஏமாற்றம்தான். இன்னும் வடக்கே ஸ்வால்பார்டுக்கு ஏறினால், மார்ச்சில், ஆர்க்டிக் கடல் பனி உச்சத்தில் இருக்கும் மாதத்தில் போக வேண்டும். அண்டார்டிகாவோ தலைகீழ்: அங்கே உச்சம் செப்டம்பரில், சுற்றுலாக் கப்பல்கள் போவது பனி சுருங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை. இருவர் போய்வரும் செலவில் ஒரு புது மைவி கார் வாங்கிவிடலாம்.

இனி நாள் பார்ப்பது. நம் பள்ளிகளின் நீண்ட விடுமுறை டிசம்பரில். அப்போது அபாஷிரிக் கடலில் ஒன்றும் இருக்காது. பனிக்கட்டி ஜனவரிக் கடைசியில்தான் வந்து சேரும், மார்ச் தொடக்கத்தில் கிளம்பத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இருக்கும் ஒரே வழி சீனப் பெருநாள் விடுமுறை. டிக்கெட் விலை எகிறும், ஆகவே சீக்கிரமே போட்டுவிடுங்கள். கேஎல்லிலிருந்து சப்போரோவுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து அபாஷிரிக்கு ரயிலில் ஐந்தரை மணி நேரம் போல ஆகும். ஹார்பினுக்குப் பெரும்பாலும் வேறொரு சீன நகரத்தில் மாற வேண்டும். விசா கவலை மலேசியக் கடப்பிதழுக்கு மூன்றிலும் இல்லை.

கனத்த ஜாக்கெட்டைப் பேரங்காடியில் வாங்காதீர்கள். பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் ஜப்பான், கொரியாவிலிருந்து வந்த நல்ல சரக்கே கிடைக்கும். காலணி மட்டும் புதிதாக, வழுக்காததாக இருக்கட்டும். சைவக்காரர்களுக்கு ஜப்பானில் காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். சப்போரோவின் புகழ்பெற்ற சூப் கறியைக்கூடக் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். டிசம்பரைவிட்டால் வேறு லீவே கிடைக்காதவர்கள் சப்போரோவோடு நிறுத்திக்கொள்ளலாம். பனிக்கு அங்கே குறைவிருக்காது.