செந்நிற லோரிக் கிளி வாங்க முன்பணம் அனுப்பப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு செந்நிற லோரி வாங்கினேன். விற்றவர் ஐந்து விஷயம் சொன்னார். நான்கு மாதக் குஞ்சு, கையில் ஊட்டி வளர்த்தது, ஆண், கூண்டிலேயே பிறந்தது, கூடவே தரும் பவுடரைக் கரைத்து வைத்தால் போதும். ஐந்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. போன பணத்தைக்கூட ஒரு கட்டத்தில் மறந்துவிடலாம், அந்தப் பறவை பட்ட பாட்டை மறக்க முடியவில்லை. அதே ஆள் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

லோரி என்பது ஒரே ஒரு கிளியின் பெயர் இல்லை. இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள், நியூ கினி, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று பரவிக் கிடக்கும் ஒரு பெரிய கூட்டம். பூந்தேனும் மகரந்தமும்தான் இவற்றின் முக்கிய உணவு. மலாய் மொழியில் நூரி, லூரி என்று சொன்னதுதான் லோரி ஆனது. என்னிடம் இருப்பது ஈயோஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள ஆறு இனங்களும் இந்தோனேசியத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு, இறக்கையில் கருப்பும் நீலமும். ஒருமுறை பார்த்தால் கண் எடுக்க முடியாது. என் பலவீனமும் அங்கேதான் தொடங்கியது.

விற்றவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். நீலத் துண்டின் மேல் ஒரு லோரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கை எவர்சில்வர் கரண்டியை நீட்ட, அது நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கிறது. கடைசியில் ஒரு குழந்தையின் சிரிப்புச் சத்தம். அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். "அக்கா, இதே குஞ்சுதான் உங்களுக்கு. தோள்ல விட்டா இறங்கவே இறங்காது" என்றார். நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். பண்ணைக்குள் வெளியாட்களை விட்டால் நோய் தொற்றும் என்று சொன்னார். அந்தக் காரணம் நியாயமாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது. உண்மையான பண்ணைக்காரர்களும் இதைச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் நேரலையில் அழைத்துப் பறவையைக் காட்டுவார்கள். அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாதிப் பணத்தை அனுப்பினேன், மீதியை அனுப்பிய பிறகுதான் பறவை கிளம்பியது.

இரவு பத்தரை மணிக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை, ஒரு மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும் பறவை. விதையில் ஒன்றுகூட உடைபடவில்லை. கையை நீட்டினேன், அது நகரவில்லை. தலையைத் தடவினேன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. எவ்வளவு சாது என்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

அந்த இரவை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. உப்பிய இறகு, பாதி மூடிய கண், தொட்டாலும் அசையாத உடம்பு. பசியிலும் நோயிலும் தளர்ந்துபோன பறவைதான் அப்படி உட்கார்ந்திருக்கும். நலமாக இருக்கும் லோரி ஒரு நிமிடம் சும்மா இருக்காது. குதிக்கும், சீறும், தலைகீழாகத் தொங்கும், புதுப் பொருளைக் கண்டால் முதலில் நாக்கால்தான் தொட்டுப் பார்க்கும். காலையில் இன்னொரு விஷயத்திலும் ஏமாந்தேன். கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாள் கிட்டத்தட்ட காய்ந்தே கிடந்தது. லோரி வளர்த்தவர்களைக் கேளுங்கள், சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பீச்சியடிக்கும் என்பார்கள். தண்ணீராகக் குடிப்பதால் தண்ணீராகவே போகும். கீழே தாள் காய்ந்திருந்தால் மேலே இருக்கும் பறவை பட்டினி கிடக்கிறது. நானோ, சுத்தமான பறவை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் கழித்துத்தான் பறவை மருத்துவரிடம் கொண்டுபோனேன். தராசில் வைத்தார். 128 கிராம். செந்நிற லோரி சுமார் 170 கிராம் இருக்க வேண்டும். நெஞ்சு எலும்பு கத்தி விளிம்பு மாதிரி என் விரலில் தட்டியது. பிறகு அலகைத் திறந்து விளக்கைக் காட்டி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். லோரியின் நாக்கு நுனியில் மெல்லிய நார்கள் வரிசையாக இருக்கும். பூவுக்குள் நாக்கை விடும்போது அவை தூரிகை போல விரிந்து தேனையும் மகரந்தத்தையும் வழித்து எடுக்கும். என் பறவையின் நாக்கில் அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுற்றிலும் தயிர் படிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள். பூஞ்சைத் தொற்று. "இந்த நாக்கை வைத்துக்கொண்டு இது எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

வயது. செந்நிற லோரிக் குஞ்சுக்கு அலகு பழுப்பாக இருக்கும், கண்ணும் கருத்த பழுப்பாக இருக்கும். வளர வளரத்தான் அலகு ஆரஞ்சாகும், கண் சிவக்கும். என் பறவைக்கு அலகு பளிச்சென்ற ஆரஞ்சு, கண் நல்ல சிவப்பு. வாங்குவதற்கு முன்பே இதை நான் படித்திருந்தால் ஒரு புகைப்படத்திலேயே பொய் தெரிந்திருக்கும். ஆண், பெண் விஷயமும் அப்படித்தான். ஈயோஸ் லோரிகளில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏ சோதனை செய்யாமல் "தலை பெருசா இருக்கு, ஆண்தான்" என்று யாராவது சொன்னால் அது வெறும் ஊகம். எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம், லோரியில் அந்த வசதி இல்லை. சோதனையில் என்னுடையது பெண் என்று வந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பொய்தான் உறுத்துகிறது.

அடுத்தது கால் வளையம். எண் பொறித்த, பிளவில்லாத முழு வளையத்தைக் குஞ்சு பிறந்த முதல் சில வாரங்களுக்குள், கால் சிறிதாக இருக்கும்போதுதான் நுழைக்க முடியும். வளர்ந்த பிறகு விரல்களைத் தாண்டி ஏறாது. அதனால்தான் கூண்டில் பிறந்ததற்கு அது ஒரு சான்று. என் பறவையின் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் கீறல் கோடு. வெட்டி விரித்துக் காலில் போட்டு, மறுபடி நெருக்கிப் பசை வைத்திருக்கிறார்கள். பறவையோடு விற்றவர் தந்த சான்றிதழில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். கடைசி இரண்டு இலக்கம் வேறு. எழுத்துப் பிழை என்றார் விற்றவர். எழுத்துப் பிழை இல்லை, அது வேறொரு பறவையின் தாள். அந்தப் பறவை செத்துப்போயிருக்கலாம். தாள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு பக்கமும் பறக்கும் இறகுகளைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த தண்டுகளில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுத்தது. பறவை பிடிப்பவர்கள் கிளையில் தடவும் பசையாக இருக்கலாம் என்றார் மருத்துவர். சத்தியம் செய்து சொல்ல முடியாது, ஆனால் வளர்ந்த வயது, வெட்டிய வளையம், பசை, மனிதரைக் கண்ட பயம் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன என்றார். காட்டில் பிடித்தது.

அந்தப் பவுடரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லோரி நல்லபடியாகக் கிடைத்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முத்திரை இல்லாத பிளாஸ்டிக் டப்பா, மேலே கையால் எழுதிய "இறக்குமதி நெக்டார்". நெக்டார் என்றால் பூந்தேன். கரைத்தால் இனிப்பும் பால்வாசனையும் கலந்து வரும். எங்கேயோ முகர்ந்த வாசனை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மருத்துவர் முகர்ந்த உடனே சொல்லிவிட்டார், குழந்தைகளுக்குக் கொடுக்கும் தானிய மாவு, அதில் சர்க்கரை கலந்திருக்கிறது. பிறகு போனில் அழுத்திக் கேட்டபோது விற்றவரும் ஒப்புக்கொண்டார். "குழந்தைக்கே நல்லதுன்னா கிளிக்கு என்னக்கா?" என்றார்.

கிளிக்கு என்ன என்றால், இரும்பு. குழந்தை உணவில் இரும்புச்சத்தைச் சேர்த்திருப்பார்கள். லோரிகள் தலைமுறை தலைமுறையாக இரும்பு மிகக் குறைந்த பூந்தேனில் வாழ்ந்தவை. கிடைக்கிற துளி இரும்பையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் உடம்பு அவற்றுக்கு. அதிகமாகக் கொடுத்தால் வெளியேற்ற வழியில்லாமல் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியில் பெரிதாக எதுவும் தெரியாமல் ஒருநாள் விழுந்துவிடும். என் பறவையின் எக்ஸ்ரேயில் கல்லீரல் ஏற்கெனவே பெரிதாகத்தான் இருந்தது. ஆறு நாளில் அப்படி ஆகாது என்று மருத்துவர் என்னைத் தேற்றினார். என்னிடம் வருவதற்கு முன்பு எத்தனை மாதம் அதைத் தின்றதோ.

வெறும் தேன் கலந்த தண்ணீர் வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டில் லோரிக்குப் புரதம் மகரந்தத்திலிருந்து கிடைக்கிறது, தேன் தண்ணீரில் அது இல்லை. விதையைக் கொடுத்தால் அரைக்க முடியாது, மற்ற கிளிகளுக்கு இருப்பதுபோன்ற பலமான அரைப்பை இதற்குக் கிடையாது. இரும்பு குறைவு என்று உறையில் அச்சிட்ட லோரி உணவைத் தேடி வாங்குங்கள். கரைத்ததைச் சில மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். புளித்த கரைசலில்தான் அந்த வெள்ளைத் திட்டு வளர்கிறது. கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள். பப்பாளி, ஆப்பிள் துண்டுகள் சரி. அவகாடோ கூடவே கூடாது.

விற்றவரிடம் எக்ஸ்ரே, வளையத்தின் படம், எடை எல்லாம் அனுப்பினேன். "உயிருள்ள ஜீவன்கா, கேரண்டி கிடையாது" என்று ஒரு வரி. மறுநாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அதற்குள் இன்னொன்றும் அனுப்பியிருந்தார், இதை அவசியம் சொல்ல வேண்டும். "இது பிடிக்கலன்னா தலாவுட் லோரி இருக்கு, கொஞ்சம் மேல போட்டுக் கொடுங்க, மாத்தித் தர்றேன்." மார்பில் நீலப் பட்டை ஓடும் அந்த இனம், ஈயோஸ் ஹிஸ்ட்ரியோ, இன்று இந்தோனேசியாவின் தலாவுட் தீவுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. சங்கிஹே தீவில் அழிந்தே போய்விட்டது. அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது, காட்டில் பிடித்ததை நாடு தாண்டி வணிகம் செய்யவே கூடாது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விலை பேசினால் அங்கேயே உரையாடலை நிறுத்திவிடுங்கள். அவர் சொல்வது பொய் என்றால் சாதாரணப் பறவைக்கு அதிக விலை கொடுப்பீர்கள், உண்மை என்றால் நீங்களும் குற்றத்தில் பங்கு. செந்நிற லோரி இரண்டாம் பட்டியல், உரிய அனுமதித் தாள் இருந்தால் வணிகம் உண்டு. பொய்த்தாளுக்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எண் பொருந்தாத தாளை வைத்துக்கொண்டு காத்திருக்காமல், வனவிலங்குத் துறையிடம் நானே போய் எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருந்தது.

1850களின் இறுதியில் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலுக்குவில் உள்ள அம்போன் தீவில் தங்கியிருந்தபோது, இதே செந்நிற லோரிகள் கூட்டங்கூட்டமாக வந்து பூத்த மரத்தில் இறங்கியதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நாவல் குடும்பத்து மரங்கள், கல்யாண முருங்கை இனத்து மரங்கள், எது பூத்திருக்கிறதோ அங்கே போகும் கூட்டம் அது. இறக்கை வெட்டப்பட்டு என் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பது அந்தக் கூட்டத்தில் ஒன்று.

மருந்து ஆறு வாரம் போனது. வெள்ளைத் திட்டு மறைந்துவிட்டது, நேற்றைய எடை 159 கிராம். கரைசல் கிண்ணத்தை நான் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தால்தான் குடிக்கிறது. கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன், நாக்கு அவ்வளவு வேகமாக உள்ளே வெளியே போய்வரும். விடியற்காலையில் ஒரு கூச்சல் போடும், போட்டுவிட்டு அமைதியாகி, பதிலுக்குக் காத்திருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அதைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன். இங்கே இருந்து கொண்டுபோகும் நோய் அங்கே உள்ள காட்டுப் பறவைகளுக்குத் தொற்றலாம் என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். இருபது வருடத்துக்கு மேலும் வாழும் பறவை. என்னிடமே இருக்கும், நான் பார்த்துக்கொள்வேன்.

அந்த வீடியோ விஷயம். போன வாரம் வேறு பெயரில், வேறு எண்ணோடு மறுபடி கண்ணில் பட்டது. தேடிப் பார்த்ததில் மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு வளர்ப்பாளர் தன் பறவையை எடுத்துப் போட்டது, இந்த ஆள் திருடியிருக்கிறார். உன்னிப்பாகப் பார்த்தால் அந்தப் பறவையின் இடது காலில் வெளிப்புற விரலுக்கு நகம் இல்லை. என் பறவைக்கு எல்லா நகமும் இருக்கிறது. நீலத் துண்டு, எவர்சில்வர் கரண்டி, கடைசியில் குழந்தையின் சிரிப்பு. இதை உங்களுக்கு அனுப்பி "இதே குஞ்சுதான்" என்று யாராவது சொன்னால், நேரலையில் இடது காலைக் காட்டச் சொல்லுங்கள், பணம் அனுப்பாதீர்கள்.