புனலூர் தூக்குப்பாலம்: செங்கோட்டையிலிருந்து போய்ப் பார்த்த ஒருவரின் மதிப்புரை

உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் நட்சத்திரம் போடுவதுபோல் ஒரு பாலத்துக்கும் போடுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். மத்திய அரசே போடுகிறது: 2016இல் தொடங்கப்பட்ட பால மேலாண்மை அமைப்பில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் அடையாள எண்ணும், உறுதியைக் குறிக்க 0 முதல் 9 வரையில் ஒரு மதிப்பெண்ணும் உண்டு. என்னுடைய மதிப்பெண்ணுக்கு அவ்வளவு கனம் கிடையாது. நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்து ஓய்ந்த என் பெரியப்பா உடன் வந்தார் என்பது மட்டுமே அதற்குள்ள தகுதி.

செங்கோட்டையிலிருந்து கேரளத்திலுள்ள புனலூருக்கு ரயில் பாதையில் 49 கிலோமீட்டர். பகவதிபுரம் தாண்டியதும் மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாக இறங்கும் இந்தப் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மூடப்பட்டு, 2018இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. வழியில் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது, பெரியப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்களை எண்ணிச் சரிபார்த்தார். நூறாண்டு தாண்டிய அந்தக் கல் வளைவுகளை அகலப்பாதைக்காகப் பலப்படுத்தியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

தூக்குப்பாலம் கல்லடை ஆற்றின் குறுக்கே, இப்போதைய நெடுஞ்சாலைப் பாலத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைத்து, 1877இல் முடித்து, 1880இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. செங்கோட்டையும் அதே திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. ஆகவே இதை வேற்று மாநிலத்துப் பாலம் என்று சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வாய் வராது. திறப்பு விழாவில் யானைகளை நடத்திப் பலத்தைச் சோதித்தார்கள் என்பது இரு பக்கத்திலும் சொல்லப்படும் கதை. பக்கத்தில் கான்கிரீட் பாலம் வந்த பிறகு வண்டிகள் அங்கே போய்விட, இது கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், நடப்பவர்களுக்கு மட்டுமானதாக நிற்கிறது.

போனதும் முதலில் பார்க்க வேண்டியது ஆற்றையல்ல, சங்கிலியை. கரையோரக் கல் தூண்களின் மேலேறி நடுவில் தாழ்ந்து, மறுபடி ஏறி, இரு கரைகளிலும் கிணறுபோன்ற அறைகளுக்குள் இறங்கி நங்கூரமிடப்பட்டிருக்கும் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வெளியே தெரிகிறது. நடைத்தளத்தில் பாவியிருப்பது கம்பகம் என்று மலையாளத்தில் சொல்லும் உறுதியான காட்டு மரம். பலகை இடுக்கில் குனிந்தால் கீழே ஆறு ஓடுவது தெரியும். பெரியப்பா கைத்தடியின் பித்தளைப் பூணால் ஒரு கண்ணியைத் தட்டிப் பார்த்தார். காவலுக்கு இருந்தவர், "அண்ணாச்சி, தட்டல்லே!" என்று குரல் கொடுத்தார். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. "ஏலே, கேட்டியா? இங்க மணி மாதிரி கேக்கு. நம்மூர்ப் பாலத்துல ஓட்டைச் சட்டி மாதிரி கேக்கு" என்றார்.

தட்டிக் கேட்பது கொத்தனார்களின் வழக்கம் மட்டுமல்ல, பாலப் பரிசோதகர்களும் சுத்தியலால் செய்வதுதான். ஆனால் சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக முழு நிம்மதி அடைந்துவிட முடியாது. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் இதேபோல் இரும்புக் கண்ணிகளில் தொங்கியதுதான். ஒரு கண்ணியின் வளையத்துக்குள் மறைந்திருந்த சிறு விரிசல் வளர்ந்து 1967 டிசம்பர் 15இல் பாலம் முழுவதும் ஆற்றில் விழ, 46 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நாடு பாலங்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பதைச் சட்டமாக்கியது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் கசப்பானது. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30இல் அறுந்து 135 பேரைப் பலிகொண்ட தொங்கு பாலம், விபத்துக்குச் சில நாள் முன்புதான் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பழைய மரப்பலகைகளை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள். அது பாலத்தின் எடையைக் கூட்டியது. வடத்தை மாற்றவில்லை. முதன்மை வடமொன்றின் 49 கம்பிகளில் 22 துருவேறிப்போயிருந்ததைச் சிறப்பு விசாரணைக் குழு பின்னர் பதிவு செய்தது. கால் படும் இடம் புதிதாகவும், பாரம் தாங்கும் இடம் பழையதாகவும் இருந்த பாலம் அது. புனலூரில் மறுபடியும் மரமே பாவியிருப்பதைப் பழமைப் பித்து என்று எண்ணியிருந்த நான், மோர்பியை நினைத்துக்கொண்டு அந்தப் பலகைகளின் மேல் நடந்தபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இனி, பெரியப்பா சொன்ன ஓட்டைச் சட்டி. எங்கள் ஊருக்கு அருகே ஓடையொன்றைக் கடக்கும் கான்கிரீட் பாலம் அது, பெயர் வேண்டாம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் அடித்துவிடுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மணப்பெண்தான். ஓடைக்குள் இறங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் சிமெண்டு உதிர்ந்து கம்பிகள் விலா எலும்புபோல் தெரிகின்றன. தளத்தின் மழைநீர்க் குழாய்கள் மண்ணடைத்துக் கிடப்பதால் தண்ணீர் தேங்கி, இணைப்பு இடைவெளி வழியாகத் தாங்கிகளின் மேல் சொட்டுகிறது. ஈரம் கம்பியை அடைந்ததும் துரு பிடிக்கிறது. துருவோ இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது. அது உள்ளிருந்து தள்ள, கான்கிரீட் பாளம் பாளமாகப் பிளக்கிறது. சுவரிடுக்கில் கட்டைவிரல் பருமனில் ஓர் அரசஞ்செடி வளர்ந்திருக்கிறது. மழைக்கு முன்னால் ஓர் ஆள், ஒரு கடப்பாரை, அரைநாள் கூலி என்று செலவழித்திருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்பது பெரியப்பாவின் கணக்கு. 2025 ஜூலை 9இல் வடோதராவுக்கு அருகே இடிந்து விழுந்த கம்பீரா பாலத்துக்கு வயது நாற்பதுதான். புனலூர்ப் பாலத்துக்கு அது பேரன் வயதுகூட இல்லை.

அந்த ஓடைப் பாலத்தின் மேல் இரவும் பகலும் எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் புளியரை நோக்கிப் போகின்றன. ஒவ்வொரு லாரியின் உடம்பிலும் அடுத்த எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்று, எந்தத் தேதியில் என்று பெயிண்டால் எழுதியிருக்கிறது. லாரியைத் தாங்கும் பாலத்தில் அப்படி ஒரு தேதியை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

போக விரும்புவோருக்கு: காலை வண்டியில் கிளம்புங்கள், நண்பகலில் பாலத்தின் மேல் ஒதுங்க நிழல் கிடையாது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயிலில் மலைப்பக்கம் உட்கார்ந்தால் நன்றாயிருக்கும் என்று பலர் சொல்வார்கள், பள்ளத்தாக்குப் பக்கம்தான் பார்வைக்கு நல்லது.

புனலூருக்கு நான்கரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தை அந்த எஃப்.சி. தேதிக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஓடைப் பாலத்துக்கு எத்தனை என்று பெரியப்பாவைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, திரும்பி வரும்போது ஆட்டோவைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து கடந்தார்.