பழைய பென்டியமும் 2 டிபி டிஸ்க்கும்: கார்டா, சாஃப்ட்வேரா, வெளிப்பெட்டியா?

காரைக்குடியில் அண்ணன் ஸ்டூடியோவில் ஒரு பென்டியம் 4 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கிப் போட முடியாது. விஎச்எஸ் கேசட்டை உள்ளே ஏற்றுகிற கேப்சர் கார்டுக்கு விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி டிரைவர் வரவில்லை. கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கல்யாணக் கேசட், அறுபதாங் கல்யாணக் கேசட். கோட்டையூர் ஆச்சி ஒருவர் வாரம் தவறாமல் போன் போடுகிறார்: "என்னப்பா, கேசட்டு ஏறிருச்சா?"

ஏற்ற இடம் வேண்டுமே. ஹேண்டிகேமில் போடுகிற சின்னக் கேசட்டை ஃபயர்வயர் வழியாக ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி போகும். இந்த மதர்போர்டு 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. பத்துக் கேசட்டில் வட்டு நிறைந்துவிடும்.

காரணம் எளிது. வட்டில் இடத்தைக் குறிக்கும் எண்ணுக்கு அந்தக் காலத்து பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) 28 பிட்தான் வைத்திருக்கிறது. ஒரு செக்டார், அதாவது வட்டின் ஒரு சின்னத் துண்டு, 512 பைட். பெருக்கினால் 137 ஜிபி. அதையே விண்டோஸ், ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுக்கும் தன் கணக்கில், 128 என்று காட்டும். 2002 வாக்கில்தான் 48 பிட் முறை வந்தது. நம்ம ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நிற்பவருக்கு வளவு என்கிற முற்றம் வரைதான் தெரியும், இரண்டாங்கட்டும் அடுப்படியும் தெரியாது. அந்த மாதிரிதான்.

பயாஸ் அப்டேட் இருந்தால் அதுதான் முதல் வழி. எங்கள் போர்டுக்கு இல்லை. இருந்தாலும் யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு. டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்கிற சின்னச் செருகியைப் போட்டு அளவைக் குறைப்பது மெஷினை பூட் ஆக வைக்கும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய இடத்தை நாமே பூட்டி வைப்பது.

மிஞ்சுவது மூன்று: பூட் ஆகும்போதே இடையில் உட்கார்ந்து பயாஸை ஏமாற்றும் ஓவர்லே சாஃப்ட்வேர், டிஸ்க்கை உள்ளே வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் வெளிப்பெட்டி, மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகி புது வகை டிஸ்க்கை மாட்ட உதவும் சாட்டா கார்டு. நான் கார்டு பக்கம். ஏன் என்று சொல்வதற்கு முன் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம் மிச்சம் என்று பழைய இணைப்பு வகையான ஐடிஈ டிஸ்க், 500 ஜிபி, ஒன்றை நண்பன் மெஷினில் முழுசாக ஃபார்மட் செய்து கொண்டுவந்து, இந்த மதர்போர்டிலேயே நேராக மாட்டினேன். மை கம்ப்யூட்டரில் 465 ஜிபி என்று ஜம்மென்று காட்டியது. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் போட்டிருந்தது சர்வீஸ் பேக் எதுவும் இல்லாத ஆரம்ப கால எக்ஸ்பி சிடி. எக்ஸ்பியில் 48 பிட் முறை முதல் சர்வீஸ் பேக்கில்தான் (எஸ்பி1) வந்தது. பத்துப் பதினொரு கேசட் வரை ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டி எழுதியது வட்டின் தொடக்கத்துக்கே சுற்றி வந்து விழுந்து, கோப்புப் பட்டியலையே அழித்துவிட்டது. அடுத்த நாள் காலை "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. தப்பு முழுக்க என்னுடையது. முழு அளவைக் காட்டுவது வேறு, முழு அளவையும் சரியாகக் கையாள்வது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இப்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்தக் கிழட்டு மெஷின் ஒருநாள் செத்துவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் படிக்குமா?

ஓவர்லே இங்கே அடிபடுகிறது. அதன் சிறு நிரல் டிஸ்க்கின் தலைப்பகுதியிலேயே குடியிருக்கும். அந்த நிரல் ஓடாத மெஷினில் பார்ட்டிஷன் சரியாகத் தெரியாமல் போகலாம். தெரியாமல் யாராவது அந்தத் தலைப்பகுதியை, அதாவது மாஸ்டர் பூட் ரெக்கார்டை (எம்பிஆர்), புதுப்பித்தால் தலைவலி. பல வருஷத்துக்கு முன் ஒரு சின்ன டிஸ்க்கில் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நீண்ட அனுபவம் கிடையாது.

வெளிப்பெட்டி பார்க்க வசதி. எங்கள் போர்டில் இருப்பது யூஎஸ்பி 1.1, நொடிக்கு 12 மெகாபிட். கேசட் கேட்பது 25-க்கு மேல். நடுநடுவே ஃபிரேம் விடுபடத்தான் செய்யும். யூஎஸ்பி 2.0 கார்டு போட்டால் வேகம் சரியாகும். ஆனால் 2 டிபிக்கு மேற்பட்ட சில பெட்டிகள், எக்ஸ்பி ஏற்கட்டும் என்று செக்டாரை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். பெட்டி பழுதாகி டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக மாட்டினால் காலி டிஸ்க் போலத் தெரியும்.

சாட்டா கார்டுக்குத் தன் சொந்த பயாஸ் உண்டு, மதர்போர்டிடம் அனுமதி கேட்காது. விண்டோஸ் பழைய 40 ஜிபி டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, 2 டிபி டிஸ்க்கைக் கார்டில் மாட்டி டிரைவர் போட்டேன். 1863 ஜிபி என்று வந்தது. இந்தத் தடவை காட்டியதை நம்பவில்லை. 300 ஜிபி வரை நிரப்பி, கழற்றி, மருமகன் லேப்டாப்பில் மாட்டி முதல் கோப்பும் கடைசிக் கோப்பும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். "இப்ப டீ வாங்கவா வேணாமா?" என்றார்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பார்ட்டிஷனைப் புது விண்டோஸில் போட்டுக்கொண்டு வாருங்கள். எக்ஸ்பி 63-ஆம் செக்டாரில் தொடங்குவது இப்போதைய 4கே டிஸ்க்குகளின் 4096 பைட் துண்டுகளோடு பொருந்தாததால் எழுதும் வேகம் இறங்கும். அப்புறம் 3 டிபி, 4 டிபி ஆசை வேண்டாம். எம்பிஆர் முறையில் 2.2 டிபிதான் எல்லை. அதைத் தாண்ட உதவும் புது முறையான ஜிபிடியில் பிரித்த டிஸ்க்கை 32 பிட் எக்ஸ்பி படிக்காது. பழைய டிரைவரில் 3 டிபி டிஸ்க் வெறும் 746 ஜிபியாகச் சுருங்கித் தெரிவதும் உண்டு. எல்லா மலிவுக் கார்டுக்கும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. நான் ஓட்டியது ஒரே ஒரு கார்டு, எட்டு மாதம்.

இதுவரை 41 கேசட் ஏறியிருக்கிறது. கோட்டையூர் ஆச்சியின் மூன்றில் ஒன்று பூஞ்சை பிடித்து நிற்கிறது. அதற்கு எந்தக் கார்டும் உதவாது, பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.