குளிர் தாங்குற கல்லா லில்லி எது: க்ரோபரோவா, க்ரீன் காடஸா, கலர் வகையா?

இங்கிலாந்துல கார்டன் சென்டர்ல போய் கல்லா லில்லின்னு கேட்டா முதல்ல கண்ணுல படுறது அந்த மஞ்சள், ஆரஞ்சு, பர்ப்பிள் கலர் வகைங்கதான், பார்க்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா மண்ணுல வச்சு குளிர்காலத்தைத் தாண்டணும்னா என் ஓட்டு வெள்ளைக்குத்தான். அதுலயும் க்ரோபரோங்கிற ரகத்துக்கு.

நிறைய பேர் குளிர் எவ்ளோ தாங்கும்னு மட்டும்தான் பார்க்கிறாங்க. ஈரத்தையும் பார்க்கணும்ங்க. ரெண்டு வகைக்கும் பூர்வீகம் தென்னாப்பிரிக்காதான், ஆனா வெள்ளைப்பூ பூக்குற ஏத்தியோப்பிக்கா இனம் (க்ரோபரோ, க்ரீன் காடஸ் எல்லாம் இதோட ரகங்கதான்) சதுப்புலயும் ஓடைக்கரையிலயும் வளருற செடி, அந்த நாட்டோட தென்மேற்குல இருக்குற கேப் பக்கம் குளிர்காலத்துலதான் மழையே, அதனால அந்த சீசன்ல வேர் நனைஞ்சே கிடந்தாலும் அதுக்குப் பழக்கம்தான். நம்ம ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓடை ஓரமா காடு மாதிரி பரவிக் கிடக்குறதும் இதேதான். கலர் ஹைப்ரிட்டுக்கு (கலப்பின வகைக்கு) மூதாதையான ரெமானி மாதிரி இனங்க கிழக்குப் பக்கத்துப் புல்வெளிச் செடி, அங்க கோடையில மழை, குளிர்காலம் வறட்சி, கிழங்கு காய்ஞ்ச மண்ணுல தூங்கும். அதைக் கொண்டுவந்து இங்க நவம்பர் மழையில களிமண்ணுக்குள்ள விட்டா, பனி கொல்றதுக்கு முன்னாடியே பாக்டீரியா புகுந்து கூழாயிடும்.

சரி, வெள்ளைப்பக்கம் வருவோம். க்ரோபரோ, சஸ்ஸெக்ஸ்ல இருக்குற அதே பேர் ஊர்ல கண்டெடுத்தது, கிட்டத்தட்ட 90 செ.மீ. வளரும், ஆர்.ஹெச்.எஸ்.ங்கிற பிரிட்டிஷ் தோட்டக்கலைச் சங்கத்தோட விருது வாங்கின ரகம். மைனஸ் 5-லேர்ந்து மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், ஆனா அது வேர் பிடிச்ச செடிக்குத்தான், புதுச்செடிக்கு முதல் ஒண்ணு ரெண்டு குளிர்காலம் கண்டிப்பா மேல மரப்பட்டையோ வைக்கோலோ கனமா போடணும். இலை கருகி சரிஞ்சிடும், பயப்படாதீங்க, கிழங்கு உயிரோட இருந்தா வசந்தத்துல துளிர்க்கும், மே மாசம் வரைக்கும் தோண்டிப் பார்க்காம விடுங்க.

க்ரீன் காடஸும் அதே உயரம், அதே மாதிரிதான் குளிர் தாங்கும், பூ மடல் மட்டும் பச்சை, தொண்டையில வெள்ளை. ஜாடியில வைக்க ஃப்ளவர் அரேஞ்ச்மென்ட் பண்றவங்க இதைத்தான் தேடுவாங்க, ஆனா தூரத்துல இருந்து பார்த்தா பூவும் இலையும் ஒண்ணா கலந்துடும், தோட்டத்துக்கு அழகுன்னு பார்த்தா எனக்கு ரெண்டாவது இடம்தான். இடம் பெருசா இருந்தா ஹெர்குலஸ் பார்க்கலாம், ஆளு உயரம் போகும், இலையில புள்ளி புள்ளியா இருக்கும்.

எங்க நடுறீங்கங்கிறது ரகத்தை விட முக்கியம்னு நான் சொல்வேன். குளம் இருந்தா தயங்கவே வேணாம், ஓரத்துல 30 செ.மீ. ஆழம் வரைக்கும் தண்ணிக்குள்ள வைக்கலாம், மேல ஐஸ் கட்டினாலும் கிழங்கு அதுக்குக் கீழ பத்திரமா இருக்கும். குளம் இல்லன்னா வெயில் படுற, கோடையில காயாத மண்ணு. சின்ன தொட்டிதான் ரொம்ப மோசம், நாலு பக்கமும் குளிர் ஏறி வேரே உறைஞ்சிடும்.

கலர் வகை வேண்டவே வேண்டாம்னு சொல்லல, தொட்டியில வைங்க, முதல் பனிக்கு முன்னாடி உள்ள எடுத்து தண்ணியை நிறுத்தி, கிழங்கைக் காயவிட்டு பனி படாத இடத்துல வைங்க. அடுத்த வருஷம் பூ குறைஞ்சா உங்க தப்புன்னு நினைக்காதீங்க, விக்கிறதுக்கு வளர்க்கிறவங்க நிறைய பூக்கணும்னு கிழங்கை ஜிப்ரெலின்ங்கிற தாவர ஹார்மோன்ல முக்கி எடுக்கிறது வழக்கம், வீட்டுல அது கிடையாதுல்ல.

எந்த வகையா இருந்தாலும் சாறு வாயில பட்டா எரியும், குழந்தை, நாய் இருக்குற வீட்டுல கவனம். வாங்குறதுக்கு ஏப்ரல், மே நல்ல நேரம். இலையுதிர் காலத்துல தள்ளுபடியில க்ரோபரோ கிடைச்சா வாங்கலாம், அந்தக் குளிர்காலம் மட்டும் பனி அடிக்காத ஷெட்லயோ கன்சர்வேட்டரியிலயோ (கண்ணாடி அறையிலயோ) வச்சிட்டு வசந்தத்துல மண்ணுக்கு மாத்துங்க.